பேசாமல் ஆடுகிறவள்

ஐந்து பேர் ஐந்து பேரை எதிர்த்து ஆடும் துப்பாக்கி ஆட்டத்தில் செத்துப்போனவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. தன்னைக் கொன்றவன் எங்கே நிற்கிறான், அவனுக்கு இன்னும் எவ்வளவு உயிர் மிச்சம், கையில் என்ன துப்பாக்கி என்பதை உயிரோடிருக்கும் நான்கு பேருக்கும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். “ஒன் ஹெவன், லோ, ஆப்.” மேல் மாடத்தில் ஒருவன், குற்றுயிராக இருக்கிறான், கையில் ஸ்னைப்பர். இதற்குக் ‘கால்அவுட்’ என்று பெயர். வாயால் சொன்னால் இரண்டு நொடி. தட்டச்சு செய்தால் ஐந்தாறு நொடி. அதற்குள் இன்னொருவர் செத்திருப்பார். நான் ஏழு வருடங்களாகத் தட்டச்சுதான் செய்கிறேன்.

மொழி தெரியாததால் அல்ல. ‘ஈக்கோ’ என்றால் இந்த ரவுண்டில் காசைச் செலவழிக்காமல் கைத்துப்பாக்கியை வைத்துச் சமாளிப்பது. ‘ட்ரேட்’ என்றால் கூட்டாளியைக் கொன்றவனைக் கையோடு கொல்வது. போனவர் வீணாகப் போகவில்லை என்றாக்குவது. ‘பெய்ட்’ என்றால் கூட்டாளியைத் தூண்டில் புழுவாக முன்னே அனுப்பிவிட்டுப் பின்னால் நிற்பது. ‘க்ளட்ச்’ என்றால் தன் பக்கம் எல்லாரும் விழுந்த பிறகு ஒற்றை ஆளாக நின்று ரவுண்டை ஜெயிப்பது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் இன்ஃபெர்னோ வரைபடத்தில் வாழைப்பழம்போல வளைந்து ஏறும் சந்துக்கு ‘பனானா’ என்று பெயர். டஸ்ட் 2 வரைபடத்தின் நடுவில் கிடக்கும் ஒரு பெட்டிக்கு ‘எக்ஸ்பாக்ஸ்’. ஆலமரத்து முக்கு, பழைய தியேட்டர் ஸ்டாப் என்று நம் ஊர்களில் பெயர் வைப்பதைப்போலத்தான். மரத்தை வெட்டி இருபது வருடம் ஆனாலும் முக்கு இருக்கும்.

இந்தச் சொற்கள் எனக்குப் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்ணியக் கட்டுரை என்றதும் ஆட்டத்தையே வெறுக்கிற ஒருத்தி வெளியே நின்று எழுதுகிறாள் என்று நினைத்துவிடக்கூடாது.

பவணந்தியாரின் நன்னூல் இப்படிப்பட்ட பேச்சுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: குழூஉக்குறி. ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் வைத்துக்கொள்ளும் குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பார்கள் என்று உரைகாரர்கள் எடுத்துக்காட்டுச் சொல்வார்கள். கள்ளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. குழூஉக்குறிக்குப் பக்கத்திலேயே நன்னூல் இன்னொன்றையும் வைக்கிறது: இடக்கரடக்கல். சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மூடிச் சொல்வது. பள்ளியில் இரண்டையும் சேர்த்து மனப்பாடம் செய்தபோது இவற்றுக்குள் என்ன உறவு என்று நான் யோசித்ததில்லை. துப்பாக்கி ஆட்டங்களின் மொழியைக் கேட்ட பிறகு யோசித்தேன். ஆண்கள் மட்டுமே இருப்பதாக நினைத்துக்கொள்ளும் ஒரு குழுவின் குழூஉக்குறி, அடக்க வேண்டியதை அவிழ்த்து வெளியே கொட்டுகிறது. கொட்டியதை மூன்றெழுத்துச் சுருக்கமாக்கித் திரும்ப மூடியும் வைக்கிறது.

இந்த மொழியின் முதல் சொற்கள் போர்க்களத்திலிருந்து வந்தவை. ‘ஃப்ராக்’ என்றால் எதிரியைக் கொல்வது, அந்தக் கொலைக்குக் கிடைக்கும் புள்ளி. 1993இல் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட டூம் ஆட்டத்தோடு இந்தச் சொல் ஆட்டக்காரர்களிடையே பரவியது. வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் தங்களுக்குப் பிடிக்காத மேலதிகாரியின் கூடாரத்தில் ஃப்ராக்மென்டேஷன் கிரனேடை உருட்டிவிட்டுக் கொன்றதற்கு அவர்களே வைத்த பெயர் அது. ஒரு கலகத்தின் சொல், அமெரிக்கப் பையன்களின் அறைகளுக்குள் புள்ளிக் கணக்காக வந்து சேர்ந்தது. இன்று அதைச் சொல்லும் யாருக்கும் அந்தக் கூடாரம் நினைவில் இல்லை. ‘ஓன்’ என்று அடிக்கப் போய் விரல் பக்கத்து விசையில் விழுந்ததில் பிறந்தது ‘போன்’. உன்னைத் தோற்கடித்தேன் என்பதற்கு உன்னை உடைமையாக்கினேன் என்று சொல்லும் பழக்கம் அதற்கும் முந்தியது.

மென்மையான சொற்களும் உண்டு. ‘ஜிஎல்எச்எஃப்’ என்றால் நல்லபடியாக ஆடு, மகிழ்ச்சியாக ஆடு. ‘எம்பி’ என்றால் என் தப்புதான். ‘என்எஸ்’ என்றால் அருமையாகச் சுட்டாய். எனக்கு மிகவும் பிடித்தது ‘என்டி’: நைஸ் ட்ரை. ஒருவர் ஒற்றையாக நின்று போராடிக் கடைசி நொடியில் விழுந்ததும் மற்ற நால்வரும் அனுப்புகிற இரண்டெழுத்து. மார்க்கைப் பார்த்ததும் மீதி மார்க் எங்கே என்று கேட்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். நன்றாகத் தோற்றாய் என்று சொல்ல ஒரு சொல் இருக்கும் என்பதையே இங்கேதான் கற்றேன். ‘ட்ராப்’ என்று கேட்டால் காசு வைத்திருக்கும் கூட்டாளி உனக்கும் ஒரு துப்பாக்கி வாங்கித் தரையில் போடுவார். முகம் தெரியாதவர்களுக்குள் இவ்வளவு பெருந்தன்மையைச் சாத்தியமாக்குகிற மொழி, ஒரு குரல் கேட்டதும் எப்படி அத்தனையும் மாறிப்போகிறது என்பதுதான் என் கேள்வி.

குரல் கேட்பதற்கு முன்பே பெண் அந்த மொழிக்குள் இருக்கிறாள் என்பதையும் பார்க்க வேண்டும். 2000களில் ‘ரேப்’ என்ற சொல் எதிரணியைப் பெரிய வித்தியாசத்தில் ஜெயிப்பதற்கு வெகு சாதாரணமாகப் பயன்பட்டது. அதில் கூசுவதற்கு என்ன இருக்கிறது, ஆட்டம்தானே என்பார்கள். விழுந்து கிடக்கும் எதிரியின் முகத்துக்கு மேலே போய் உட்கார்ந்து எழும் ‘டீபேகிங்’ ஹேலோ ஆட்டங்களில் புகழ்பெற்றது; அதன் பெயர் ஒரு பாலியல் செய்கையின் கொச்சைப் பெயர். தோல்வி என்றால் பெண்ணாக்கப்படுவது அல்லது புணரப்படுவது: இந்த அகராதிக்கு அடியில் இருக்கும் இலக்கணம் இதுதான். தமிழில் பேசும் நாம் இதற்கு வெளியே இல்லை. ‘வச்சு செஞ்சிட்டான்’ என்று கிரிக்கெட் பற்றியும் அரசியல் பற்றியும் எல்லாரும் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். யாரை வைத்து, எதைச் செய்தான் என்று ஒரு நாள் நிறுத்திக் கேட்டுப்பாருங்கள்.

மும்பை சர்வரில் ஆடுகிறவர்களுக்கு ‘எம்சி’, ‘பிசி’ தெரிந்திருக்கும். தமிழ்நாட்டுக் காதுக்கு பிசி என்றால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். நான் முதலில் கேட்டபோது எதற்கு இங்கே இடஒதுக்கீடு பேசுகிறார்கள் என்று நிஜமாகவே குழம்பினேன். அம்மாவையும் அக்கா தங்கையையும் புணர்வதாகச் சொல்லும் இந்தி வசவுகளின் சுருக்கம் அவை. தமிழில் சுருக்கம்கூடத் தேவைப்படுவதில்லை. பத்து ஆண்கள் ஆடும் ஆட்டத்தில், பெண் ஒருத்திகூட இல்லாத இடத்தில், ஒருவன் குறி தவறினால் அவன் அம்மா வந்து நிற்கிறாள். அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருக்கும், இந்த ஆட்டத்தின் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாத ஒருத்தி.

பெண்ணுக்கென்றே செய்த சுருக்கம் ஒன்று உண்டு. முன்பாதி ‘மார்பைக் காட்டு’, பின்பாதி ‘இல்லையென்றால் வெளியே போ’. ஒரு பெண் இங்கே இருக்கிறேன் என்று சொன்னதும் அனுப்பப்பட்ட அந்த ஆங்கில வாக்கியத்தை ஆறு எழுத்துகளில் சுருக்கினார்கள். ஒரு வாக்கியத்தை எப்போது சுருக்குவோம்? அடிக்கடி எழுத வேண்டியிருக்கும்போது.

குரல் வருவதற்கு முந்தைய காலத்தில் பெண்கள் இந்தச் சுருக்கக் கலையைத் திருப்பியும் பிடித்திருக்கிறார்கள். 1990களின் பிற்பகுதியில் க்வேக் ஆட்டத்தில் பெண்கள் மட்டுமே கொண்ட ஒரு அணி இருந்தது. பெயர் ‘சைக்கோ மென் ஸ்லேயர்ஸ்’. சுருக்கினால் பிஎம்எஸ். மாதவிலக்குக்கு முந்தைய எரிச்சலைச் சொல்லி ஆண்கள் கேலி செய்யும் அதே மூன்றெழுத்து. எதிரணிக்காரன் செத்து விழும்போதெல்லாம் திரையில் அந்தப் பெயரைப் படித்தாக வேண்டும். எனக்கு இந்தக் குறும்பு ரொம்பப் பிடித்திருக்கிறது.

2002 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவையைத் தொடங்கியபோது ஹெட்செட்டையும் சேர்த்தே கொடுத்தது. எழுத்தில் ஆடிக்கொண்டிருந்த மொழிக்குத் தொண்டை வந்தது. எழுத்துக்குப் பால் தெரியாது, தொண்டைக்குத் தெரியும். அமெரிக்க ஆய்வாளர்கள் ஜெஃப்ரி குஸ்னெகாஃப், லிண்ட்சே ரோஸ் இருவரும் ஹேலோ 3 ஆட்டத்தில் ஒரு சோதனை செய்து 2013இல் வெளியிட்டார்கள். முன்கூட்டிப் பதிவு செய்த, யாரையும் சீண்டாத வாக்கியங்களைச் சில ஆட்டங்களில் ஆண் குரலில், சிலவற்றில் பெண் குரலில் ஒலிக்கவிட்டார்கள். சிலவற்றில் குரலே இல்லை. பெண் குரலுக்கு வந்த எதிர்மறைப் பேச்சு மற்ற இரண்டையும்விட மூன்று மடங்கு. சொன்ன சொற்கள் ஒன்றே. ‘அவள் என்ன சொன்னாளோ’ என்று இழுப்பவர்களுக்கு நான் இந்த ஆய்வைத்தான் காட்டுவேன்.

குரலுக்கு என்று தனியாகச் சொற்கள் முளைத்தன. ‘ஸ்க்வீக்கர்’ என்றால் குரல் உடையாத சிறுவன். நானும் எனக்குத் தெரிந்த இன்னும் சில பெண்களும் பத்து வயதுப் பையன் என்று தவறாக நினைக்கப்பட்டிருக்கிறோம், நினைத்தால் நினைக்கட்டும் என்று விட்டிருக்கிறோம். பையனுக்குக் கிடைப்பது கிண்டல் மட்டும்தான். நாற்பது வயதுப் பெண்ணுக்குப் பத்து வயதுப் பையனாக இருப்பது பாதுகாப்பு. கிஷோனா கிரே எக்ஸ்பாக்ஸ் லைவில் ஆடிய கறுப்பினப் பெண்களைப் பற்றி எழுதியதைப் படித்தால், குரலிலிருந்து பால் மட்டும் பிடிபடுவதில்லை என்பது புரியும். இனம் பிடிபடுகிறது. சிங்கப்பூர் சர்வரில் என் ஆங்கிலத்தைக் கேட்டவர்கள் முதலில் நாட்டைப் பிடித்தார்கள், பிறகு பாலை. இரண்டுக்கும் தனித்தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆண்களையும்தான் திட்டுகிறார்கள், இது அந்த இடத்தின் வழக்கம், தோல் தடித்தவர்கள்தான் இங்கே ஆட முடியும் என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும். திட்டுகிறார்கள்தான். ஆனால் திட்டுச் சொற்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ‘நூப்’ என்றால் புதியவன். ‘பாட்’ என்றால் கணினி ஆட்டுவிக்கும் பொம்மைபோல ஆடுகிறவன். ‘கேம்பர்’ என்றால் ஒரே மூலையில் பதுங்கியிருப்பவன். ‘சில்வர்’, ‘ப்ரான்ஸ்’ என்றால் கீழ்த்தட்டுத் தரவரிசையில் கிடப்பவன். இவை எல்லாமே படிகள். நூப் ஆறு மாதத்தில் நூப்பாக இருக்கமாட்டான். மூலையை விட்டு வெளியே வந்தால் கேம்பர் என்ற பெயர் போய்விடும். ஆணுக்கான வசவு அவன் செய்த ஒன்றுக்கு வருகிறது. அதைத் திருத்திக்கொண்டு அவன் மேலே ஏறலாம். “கேர்ள்?” என்ற ஒற்றைச் சொல் கேள்வியாகத் திரையில் விழும்போது அதிலிருந்து ஏறுவதற்கு எந்தப் படியும் இல்லை.

அதனால்தான் அவள் திறமைக்குத் தனி வினைச்சொற்கள் தேவைப்பட்டன. எல்லாம் செயப்பாட்டு வினைகள். ‘கேரி’ என்றால் நல்ல ஆட்டக்காரன் தன் முதுகில் மற்றவர்களைச் சுமந்து ஜெயிக்கவைப்பது. அவள் எப்போதும் ‘கேரி செய்யப்பட்டவள்’. ‘பூஸ்டட்’ என்றால் வேறு யாரோ ஆடித் தரவரிசையை ஏற்றிவிட்டது. பையனிடமும் இந்தச் சொல்லைச் சொல்வார்கள். ஆனால் பெண்ணிடம் சொல்லும்போது கூடவே ஒரு காதலனையும் கற்பனை செய்துவிடுவார்கள். இலக்கண வகுப்பில் எழுவாய், செயப்படுபொருள் என்று படித்தோமே, அந்த வாக்கியத்தில் அவள் எழுவாய் இடத்தில் நின்றாலும் ஒருபோதும் வினையைச் செய்பவள் ஆகமாட்டாள்.

மிக நன்றாக ஆடினால்? அதற்கு ‘எய்ம்பாட்’ இருக்கிறது: குறியைத் தானே எதிரிமேல் கொண்டுபோய் நிறுத்தும் திருட்டு மென்பொருள். 2016இல் தென்கொரியாவில் கெகுரி என்ற பெயரில் ஆடிய கிம் செ-யோன், ஓவர்வாட்ச் ஆட்டத்தில் ஸர்யா என்ற பாத்திரத்தை ஆடிய விதத்தைப் பார்த்து, தொழில்முறை ஆட்டக்காரர்களே அவர் எய்ம்பாட் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அவர் அப்போது பதின்பருவத்தில் இருந்தார். ஆட்டத்தின் நிறுவனம் அவர் ஏமாற்றவில்லை என்றது. அது போதவில்லை. ஒரு ஸ்டூடியோவில் உட்கார்ந்து, கையும் மௌஸும் கேமராவில் தெரிய, நேரலையில் ஆடிக்காட்டினார். 2018இல் ஷாங்காய் டிராகன்ஸ் அணியில் சேர்ந்து ஓவர்வாட்ச் லீக்கில் ஆடிய முதல் பெண் ஆனார். நம் கதைகளில் இந்தக் காட்சி புதிதல்ல. தீயில் இறங்கிக் காட்டச் சொல்லும் இடத்தில் இப்போது கேமராவை வைத்திருக்கிறார்கள்.

நடுவாந்தரமாக ஆடுகிறவளுக்கு ஒதுக்கப்படும் வேலையையும் சொல்ல வேண்டும். ஓவர்வாட்சில் மற்றவர்களின் காயத்தை ஆற்றும் பாத்திரங்கள் உண்டு; ‘மெர்சி’ அதில் பிரபலமானவள், சிறகு முளைத்த பெண் மருத்துவர். பெண் குரல் கேட்டால் “மெர்சி எடு” என்பார்கள். எடுத்து ஆடினால் ‘மெர்சி மெயின்’ என்று கேலி: சுடத் தெரியாதவள், சும்மா பின்னால் திரிகிறவள். ஒரே ஆட்டக்காரனின் பின்னாலேயே போய் அவனை மட்டும் குணப்படுத்திக்கொண்டிருந்தால் அவள் அவனுடைய ‘பாக்கெட்’. ஒரு ஆள் இன்னொரு ஆளின் சட்டைப் பையாக ஆகிவிடுகிறாள். “எனக்குச் சிகிச்சை வேண்டும்” என்று பாத்திரம் கத்துவதற்கென்றே ஆட்டத்தில் ஒரு விசை இருக்கிறது. நால்வரும் மாறி மாறி அதை அழுத்தும்போது, “அம்மா தண்ணி”, “அம்மா என் சட்டை எங்க” என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீடு எழுப்பும் சத்தம்தான் எனக்குக் கேட்கும். குணப்படுத்துவது கடினமான வேலை, யார் எப்போது சாகப்போகிறார் என்று ஒரே நேரத்தில் நான்கு பேரைக் கவனிக்க வேண்டும். கடினம் என்று ஒத்துக்கொள்ளும் சொல் மட்டும் அந்த அகராதியில் இல்லை.

இதில் யார் அதிகம் கத்துகிறார்கள் என்பதற்கும் ஒரு தடயம் உண்டு. 2015இல் மைக்கேல் கசுமோவிக்கும் குஸ்னெகாஃபும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, தரத்தில் கீழே இருந்த ஆண்களே பெண் குரலிடம் அதிகப் பகைமை காட்டினார்கள் என்கிறது. மேலே இருந்தவர்கள் நல்லபடியாகவே பேசினார்கள். படியில் கீழே நிற்பவனுக்கு, படியிலேயே இல்லாதவள் என்று தான் நினைத்தவள் பக்கத்தில் வந்து நின்றால் பொறுக்கவில்லை. இது தெரிந்தால் கொஞ்சம் ஆறுதல்தான். ஆனால் நம்மில் பெரும்பாலோர் ஆடத் தொடங்குவது கீழ்ப்படியில், அவன் பக்கத்தில்தான்.

“மியூட் பண்ணிட்டு ஆடு.” தோழர்கள், தம்பிகள், கணவர்கள் எல்லாரும் சொல்லும் தீர்வு இது. அவனை மியூட் செய்தால் அவன் கால்அவுட்டும் போகும்; எதிரி எங்கே என்பது எனக்கு மட்டும் தெரியாது. என்னை நானே மியூட் செய்தால் என் கால்அவுட் மற்றவர்களுக்குப் போகாது. எப்படிப் பார்த்தாலும் காதிலோ வாயிலோ ஒன்றை அடைத்துக்கொண்டு ஆடுகிறேன். பிறகு ரவுண்டு போனதும் “கால்அவுட் சொல்லாத பாட்” என்று எழுதுகிறான். என் மௌனம் எங்கிருந்து வந்தது என்பது மறைந்துபோய், அது என் திறமைக்குறைவாகக் கணக்கில் ஏறுகிறது. அணியை வழிநடத்துபவருக்கு ‘ஐஜிஎல்’ என்று பெயர், முழுக்க முழுக்கக் குரலால் செய்யும் வேலை. ஏழு வருடத்தில் தெரியாதவர்களோடு ஆடிய ஒரு ஆட்டத்தில்கூட நான் ஐஜிஎல் ஆக இருந்ததில்லை. மனதுக்குள் ஒவ்வொரு ஆட்டத்திலும் இருந்திருக்கிறேன்.

ஆட்டங்களைச் செய்பவர்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2019இல் வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ், ஒரு பொத்தானை அழுத்தினால் எதிரி இருக்கும் இடத்தை அணிக்குக் காட்டும் ‘பிங்’ முறையை வாயைத் திறக்காமலே ஆடும் அளவுக்கு வளர்த்தது. எனக்கு அது வரம். ஆனால் கூடவே ஒரு உறுத்தல்: பெண் பேசாமல் இருப்பதற்கு இன்னும் வசதியான ஏற்பாடு. ஓவர்வாட்சில் “ஜிஜி ஈஸி” என்று தோற்றவரைக் குத்தினால், எழுதியவனே அசடு வழிவதுபோன்ற வேறு வாக்கியமாக மாறித் திரையில் வரும். அந்தக் குறும்பைச் செய்தவர்களைப் பாராட்ட வேண்டும். வேலரன்ட்டின் நிறுவனம் குரலைப் பதிவு செய்து ஆராயும் திட்டத்தை 2022இல் தொடங்கியது, ஆங்கிலத்தில். நம் ஊர் வசவைப் புரிந்துகொள்ள அந்த இயந்திரத்துக்கு முதலில் அது தெரிய வேண்டும்; யார் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது என்று தெரியவில்லை.

தமிழில் இது ஒருமுறை அறைக்கு வெளியே வந்தது. 2021 ஜூனில், அப்போது தடைசெய்யப்பட்டிருந்த பப்ஜியை ஆடியபடி பெண்களை ஆபாசமாகப் பேசிக் காணொளிகள் வெளியிட்டதாகப் புகார்கள் வந்து, சென்னைக் காவல்துறை ஒரு யூடியூபரைத் தருமபுரியில் கைது செய்தது. பல லட்சம் பேர் அவருடைய அலைவரிசையைப் பின்தொடர்ந்தார்கள். தொலைக்காட்சிகள் ஒரு வாரம் அதிர்ந்தன. கெட்ட மனிதர் ஒருவர், கெட்ட செயலி ஒன்று என்று பேசி முடித்தார்கள். அந்தக் காணொளிகளில் கேட்டது ஒரு தனி மனிதரின் கண்டுபிடிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. தினமும் ராத்திரி ஹெட்செட்டுக்குள் கேட்கும் மொழிதான், பெற்றோரின் காதில் முதல்முறை விழுந்திருந்தது.

இனி சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு ராத்திரி ஆட்டம். அணியில் ஒரு பெண் மைக்கைப் போட்டுப் பேசினாள். சின்னப் பெண், கல்லூரியில் படிக்கிறவளாக இருக்கலாம். ஆங்கிலத்துக்கு நடுவே தமிழ் எட்டிப்பார்த்தது. மற்ற மூன்று பேரும் தமிழ்ப் பையன்கள். நான் வழக்கம்போல ஆணா பெண்ணா என்று தெரியாத பெயரோடு தட்டச்சில் இருந்தேன். அவளுடைய கால்அவுட்கள் சுத்தமாக இருந்தன: இடம், எண்ணிக்கை, துப்பாக்கி, அவ்வளவுதான். முதல் ரவுண்டில் “கேர்ளா?” என்றான் ஒருவன். இரண்டாவதில் எந்த ஊர், எந்தக் காலேஜ். அவள் பதில் சொல்லவில்லை, கால்அவுட் மட்டும் சொன்னாள். அந்த வரைபடத்தில் ‘கிச்சன்’ என்று எல்லாரும் அழைக்கும் ஒரு அறை உண்டு. நான்காவது ரவுண்டில் அவள் செத்ததும் “ஒன் கிச்சன், லோ” என்றாள்.

“நீ அங்கதான இருக்கணும்” என்றான் ஒருவன். மூவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கிச்சனிலிருந்து வந்தவன் அவர்களில் இரண்டு பேரைச் சுட்டான்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ரவுண்டு போனது அவளால் என்றானது. பூஸ்டட் என்றார்கள். யாரோடு படுத்து இந்த ரேங்குக்கு வந்தாய் என்றார்கள், இடக்கர் எதையும் அடக்காமல். அவள் மைக் அணைந்தது. அதற்கப்புறம் கடைசிவரை அவள் பேசவில்லை. நான் என்ன செய்தேன் என்றால், ஒவ்வொரு முறை அவள் விழும்போதும் “என்டி” என்று எழுதினேன். அவ்வளவுதான் செய்தேன். என்னிடம் மைக் இருந்தது. என் குரலையும் போட்டிருந்தால் அந்த மூன்று பேருக்கும் இரண்டு பேர் கிடைத்திருப்பார்கள் என்று அப்போது கணக்குப் போட்டேன்; அவள் தனியாக இருந்திருக்கமாட்டாள் என்ற கணக்கு ஆட்டம் முடிந்த பிறகுதான் வந்தது.

முடிந்ததும் எனக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். “தேங்க்ஸ் ப்ரோ.”

நான் அதைத் திருத்தவில்லை. “என்பி” என்று பதில் போட்டேன். நோ ப்ராப்ளம்.

அந்த ‘ப்ரோ’வைச் சுமந்துகொண்டு கொஞ்ச காலம் ஆடவே இல்லை. பிறகு தோழி ஒருத்தி சொல்லி டிஸ்கார்டில் ஒரு பெண்கள் குழுவில் சேர்ந்தேன். ஐந்து பேர், ஐந்து ஊர். மருந்துக் கடையில் வேலை செய்பவர் ஒருவர், முனைவர் பட்டம் முடிக்காமல் இழுத்துக்கொண்டிருப்பவர் ஒருவர், பன்னிரண்டு வயது மகனின் கணினியை அவன் தூங்கிய பிறகு எடுத்து ஆடும் ஒரு அக்கா. முதல் ஆட்டத்தில் ஐந்து மைக்கும் திறந்திருந்தன. யாருமே பேசவில்லை. ஐந்து பேரும் மும்முரமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தோம். நான்கைந்து ரவுண்டு போன பிறகு அந்த அக்காதான், “ஏய், யாராச்சும் வாயத் திறங்கடி, எனக்கு ஆடவும் முடியல படிக்கவும் முடியல” என்றார்.

அன்று 13க்கு 4 என்று தோற்றோம். “மாடில ஒருத்தன், சாகக் கெடக்கான்” என்று நான் சொன்னது என் காதுக்கே அந்நியமாக இருந்தது. பாதியில் முனைவர் பட்டக்காரர் ‘ஏஎஃப்கே’ ஆனார். விசைப்பலகையை விட்டு எழுந்து போவது அது. தெரியாதவர்களோடு ஆடினால் திட்டு விழும், ஆட்டமும் தண்டனை போடும். எங்களுக்கு மைக் வழியாகவே காரணம் கேட்டது. குக்கர் விசில்.

“எத்தனாவது?” என்றார் அக்கா.

“ரெண்டு” என்றது மருந்துக் கடை. “இன்னும் ஒண்ணு இருக்கு. அதுவரைக்கும் அவ சைட்டையும் சேத்து ஹோல்டு பண்ணுங்க.”